மலையில் எங்கே நிற்கிறீர்கள்?

கேள்வி: ஐயா, வணக்கம். சேந்தமங்கலத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் கொல்லிமலை தெரியும். அதை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைமேல் பிறந்து கீழே வாழ்க்கைப்பட்ட பொன்னி, இரண்டு வருடங்களுக்குப் பிறகு கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்புவதுதான் தொடக்கம். நூறு பக்கம் முடித்துத் திரும்பப் படித்தால் எங்கு பார்த்தாலும் 'மலை', 'உயர்ந்த மலை', 'பிரம்மாண்டமான மலை'. நிகண்டைப் புரட்டியதில் பொருப்பு, வெற்பு, ஓங்கல், பிறங்கல், சிலம்பு, சிமயம் என்று ஒரு கூடை சொல் கிடைத்தது. மாற்றி மாற்றிப் போடலாமா? குன்றுக்கும் மலைக்கும் உயரக் கணக்கு ஏதாவது உண்டா? ஆங்கிலத்தில் 'கிளிஃப்' என்கிறார்களே, அதற்கு நம்மிடம் என்ன சொல்? முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கூடையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நிகண்டு செய்யுள் எழுதுகிறவருக்காகத் தொகுத்தது. எதுகைக்கு ஒரு சொல், மோனைக்கு ஒரு சொல், சீருக்குப் பொருந்த இன்னொன்று என்று அவருக்குத் தேவை இருந்தது. உங்களுக்கு என்ன தேவை? 'பொன்னி வெற்பின் மீது செல்லும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள்' என்று எழுதிப் பாருங்கள். பஸ் வராது. தவிர, உங்கள் பட்டியலில் எல்லாமே மலைக்கு மாற்றுப் பெயர்களும் அல்ல. சிமயம் என்பது உச்சி. சிலம்பு ஒலியையும் குறிக்கும், மலையையும் குறிக்கும். உரைநடையில் போட்டால் வாசகர் காலில் அணிவதையே நினைப்பார்.

'மலை' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சோறு என்றால் சோறுதான்; பக்கத்துக்குப் பக்கம் அன்னம், அடிசில், அமலை என்று மாற்றிக்கொண்டா இருக்கிறோம்? இருபத்தைந்து வருடங்களாகப் பிறர் எழுதியதைத் திருத்திப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் சிக்கல் சொல்லில் இல்லை, மொட்டைமாடியில் இருக்கிறது. நூறு பக்கமும் அங்கே நின்றபடியே எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் கொல்லிமலை ஒரே பொருள், ஒரே நீலம். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் வரும். பொன்னி அந்த மலைக்குள் போகிறவள். உள்ளே போகிறவளுக்கு ஏற்றம் உண்டு, வளைவு உண்டு, பாறை, சரிவு, சுனை, முகடு எல்லாம் உண்டு.

கொல்லிமலையை நீங்கள் எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அது இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கையான மலை. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்ததும் மலை காணாமல் போய்விடும். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரு பரந்த மேட்டுநிலம். நெல்வயல், அன்னாசி, பலா, மிளகு, ஊர்கள், சந்தை. ஊர்த்தொகுதிகளுக்கு வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று பெயர். பஸ் போய் நிற்கும் செம்மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: மலைக்கு மேல் இருக்கும் ஊரின் பெயர் 'மேடு'. ஏனென்றால் அங்கே நிற்கிறவனுக்கு அது மேடு. அங்கே பிறந்த பொன்னி தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு 'இந்த மலை எவ்வளவு உயரம்' என்று எந்தப் பக்கத்திலும் வியக்க மாட்டாள். உங்கள் நாவலில் மூன்று இடங்களில் வியக்கிறாள். அங்கே வியப்பது நீங்கள்.

ஆகவே சொல் தேடும்போது 'மலைக்கு இன்னொரு பெயர் என்ன' என்று கேட்காதீர்கள். 'இப்போது இவள் மலையின் எந்தப் பாகத்தில் நிற்கிறாள்' என்று கேளுங்கள். பாகத்துக்குப் பெயர் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நிகண்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளவும் இல்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வால்பாறை, பூம்பாறை, பெரும்பாறை, நாமக்கல், திண்டுக்கல், திருச்செங்கோடு, சென்னிமலை, குன்றக்குடி, திருக்கழுக்குன்றம். கல் வேறு, பாறை வேறு, கோடு (மலையுச்சி) வேறு, குன்று வேறு என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கீழிருந்து தொடங்குகிறேன். அடிவாரம் உங்களுக்குத் தெரியும். அதற்கு மேலே சாரல். இந்தச் சொல்லைக் குற்றாலம் பிடித்துவைத்துக்கொண்டது. 'சாரல் தொடங்கிவிட்டது' என்றால் தென்மேற்குப் பருவக்காற்றோடு மலையைத் தாண்டி வந்து முகத்தில் தெளிக்கும் தூறல். ஆனால் மலைச்சரிவுக்கும் அதுதான் பெயர். குறிஞ்சிப்பூத் தேனைப் பேசும் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் வரும் சாரல் சரிவுதான், தூறல் இல்லை. இன்றைக்கும் 'மலைச்சாரல்' என்று சேர்த்து எழுதினால் வாசகர் தடுமாறுவதில்லை. சரிவு என்ற சொல்லில் சாய்வு மட்டுமே தெரியும். சாரலில் ஈரமும் பச்சையும் கூடவே வந்துவிடும். காய்ந்து வெடித்த பக்கத்துக்குச் சாரல் என்று எழுதாதீர்கள்.

அடுக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து நிற்கும் மலைப்பக்கம். பழைய சொல்தான், ஆனால் 'அடுக்கு' என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் உரைநடை தாங்கிக்கொள்ளும். தொலைவில் நாலைந்து வரிசை தெரியும்போது அதை ஒரு முறை பயன்படுத்தலாம். அப்படித் தெரியும்போது நிறத்தையும் கவனியுங்கள்: அருகில் இருக்கும் வரிசை பச்சை, அதற்குப் பின்னால் கருநீலம், அதற்கும் பின்னால் வெளிர்நீலம், கடைசியில் வானத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. உங்கள் பக்கங்களில் தொலைவு மலையும் அருகு மலையும் ஒரே பச்சையாக இருக்கின்றன.

உச்சிப் பக்கத்துச் சொற்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உச்சி என்பது ஆக மேலே உள்ள இடம். ஏறிப்போய் நிற்கலாம், உட்கார்ந்து பொரி தின்னலாம். முகடு நீளமானது. வீட்டுக்கூரையின் முகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சரிவுகளும் கூடும் கோடு. முகட்டில் நடக்கலாம். சிகரம் கூரானது, தனிப்பெயர் உள்ளது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டதால் நான் முடிந்தவரை தவிர்க்கிறேன். கொடுமுடி நல்ல சொல், ஆனால் உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே காவிரிக் கரையில் அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது. மேருமலையின் ஒரு துண்டு அங்கே வந்து விழுந்தது என்று கதை சொல்லுவார்கள். உங்கள் வாசகர் 'கொடுமுடியை அடைந்தான்' என்று படித்தால் ரயில் நிலையத்தைத் தேடுவார்.

வடசொற்களோடு ஒரு எச்சரிக்கை. கிரி, அசலம், பர்வதம் மூன்றும் மலைதான். நீலகிரி மலை, மகேந்திரகிரி மலை என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம். திருவண்ணாமலைப் பக்கத்தில் பர்வதமலை இருக்கிறது, பிரித்தால் மலைமலை. ஊர்ப்பெயர் ஆனபின் யாரும் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். நீங்களாகப் புதிதாக ஒன்று உண்டாக்காமல் இருந்தால் போதும்.

இனி குன்றுக் கணக்கு. பிரிட்டனில் 2,000 அடியைத் தாண்டினால் மலை என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நம்மிடம் அடிக்கணக்கு எடுபடாது. சென்னையில் பரங்கிமலை ஏறக்குறைய 300 அடி; அது மலை. மதுரைக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிதாக நிற்பது திருப்பரங்குன்றம், அது குன்றம். எனக்குத் தோன்றுவது இதுதான்: நின்ற இடத்தில் நின்று ஒரே பார்வையில் முழுசாகப் பார்த்து முடிக்க முடிந்தால் குன்று, கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தால் மலை. இதை இலக்கணம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. கரடு. இதில் நான் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கொங்குப் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் 'ஆடுகள் கரட்டில் ஏறின' என்று எழுதியிருந்தார். தஞ்சாவூர்க்காரனான எனக்கு அது பிழையாகப் பட்டது. வயல் வரப்பைத் தவிர வேறு மேடு பார்க்காமல் வளர்ந்தவன். 'குன்றில் ஏறின' என்று மாற்றிவிட்டேன். மெய்ப்பு பார்த்த அவர் தொலைபேசியில் கேட்டார்: "குன்றில் முருகன் இருப்பாருங்க. கரட்டில் யாரு இருப்பாங்க?" அன்று விளங்கியது. கரடு என்பது சிறியது மட்டும் இல்லை. காய்ந்தது, கல்லும் கள்ளியும் உசிலை மரமுமாகக் கிடப்பது, ஆடு மேய்க்கிறவனைத் தவிர யாருக்கும் வேலை இல்லாதது. கரடுமுரடு என்று தினமும் சொல்லுகிறோமே, அந்தக் கரடுதான். சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் உங்களுக்கே கிடைக்கும்.

பாறைக்கும் பாறாங்கல்லுக்கும் வேறுபாடு இருக்கிறது. பாறை பூமியோடு பிடிப்புள்ளது. பாறாங்கல் பிரிந்து தனியே கிடப்பது, உருளக்கூடியது. நாமக்கல் கோட்டை நிற்பது ஒற்றைப் பாறை. செஞ்சிக்குப் போனால் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் பாறாங்கற்களை அள்ளிக் கொட்டினாற்போல் தெரியும். யாரும் கொட்டவில்லை. கருங்கல்லில் இயல்பாகவே குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் ஓடும். மழையும் வெயிலும் அந்த விரிசல் வழியாகப் புகுந்து முதலில் மூலைகளைத் தின்னும். மூலை போன கட்டி உருண்டையாகும், இடையில் இருந்த மண் கழுவிக்கொண்டு போகும், கல்மேல் கல் நிற்கும். இது தெரிந்தால் 'ராட்சதன் விளையாடிய கோலிகள்' என்று எழுதக் கை வராது. உங்கள் 58ஆம் பக்கத்தில் வந்திருக்கிறது.

பாறையடியில் மழைக்கு ஒதுங்கும் இடத்தை எல்லாம் 'குகை' என்று எழுதியிருக்கிறீர்கள். குகை என்றதும் இருட்டும் முனிவரும் வந்துவிடுகிறார்கள். தேனிப் பக்கத்து மலைகளில் இதற்குப் பொடவு என்கிறார்கள். பழைய ஓவியங்கள் உள்ள ஓர் இடத்துக்குச் 'சித்திரக்கல் பொடவு' என்றே பெயர். கொல்லிமலைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சந்தைக்கு வரும் பெரியவர்களிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். தேனிச் சொல்லைக் கொண்டுவந்து பொன்னியின் வாயில் வைக்காதீர்கள்.

இப்போது 'கிளிஃப்'. ஒரே சொல் வேண்டும் என்று கேட்டால் செங்குத்துப் பாறை என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். செய்தித்தாளுக்கு அது போதும். கதைக்குப் போதாது, ஏனென்றால் தமிழில் அந்த இடத்தின் பெயர் பார்க்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறிவிடுகிறது. கீழே நின்று அண்ணாந்தால் அது பாறைச்சுவர், செங்குத்து. மேலே ஓரத்தில் நின்றால் பாறையே தெரியாது. தெரிவது விளிம்பு, அதற்கப்பால் கிடுகிடு பள்ளம். கொடைக்கானலில் பசுமைப் பள்ளத்தாக்கு என்று இப்போது அழைக்கப்படும் இடத்துக்கு முன்பு தற்கொலை முனை என்று பெயர். மேலே நிற்கிறவனுக்கு அது முனை. அதே ஊரில் தள்ளி நின்று எதிரே பார்க்கும்படி இருப்பவை தூண் பாறைகள். மூன்று பாறைகள், ஏறக்குறைய 400 அடி. அங்கே யாரும் முனை என்று சொல்வதில்லை.

கீழேயும் இல்லாமல் மேலேயும் இல்லாமல் அந்தச் செங்குத்திலேயே வாழ்கிற பிராணி ஒன்று இருக்கிறது. வரையாடு. நம் மாநில விலங்கு. அதை 'மலை ஆடு' என்று எழுதியிருக்கிறீர்கள். மலையில் மேயும் எந்த வெள்ளாடும் மலை ஆடுதான். வரை என்ற சொல்லுக்கு மலை என்றும் பொருள் உண்டு, எல்லை என்றும் உண்டு, கோடு என்றும் உண்டு. நீலகிரியில் கரிக்கியூர்ப் பக்கம் பழைய ஓவியங்கள் தீட்டிய பாறைமுகத்துக்குப் பொறிவரை என்று பெயர். கொடைக்கானல் மேல்மலையின் கோடியில் உள்ள ஊர் கிளாவரை. தனியே 'வரை' என்று எழுதினால் இன்றைய வாசகர் 'அதுவரை, இதுவரை' என்று படித்துவிடுவார். ஆனால் வரையாட்டைச் சொல்லும்போது இந்தச் சொல்லை ஒருமுறை திறந்து காட்டலாம். (கொல்லிமலையில் வரையாடு இல்லை. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் பிராணி. உங்கள் 71ஆம் பக்கத்தில் இரண்டு நிற்கின்றன, தயவுசெய்து இறக்கிவிடுங்கள்.)

கடலோரச் செங்குத்துக்கு நம்மிடம் நிலைத்த பெயர் இல்லாததற்குக் காரணம் எளிது: தமிழ்நாட்டுக் கடற்கரை பெரும்பாலும் மணல். பாறை கடலுக்குள் நேராக இறங்கும் இடத்தைத் தமிழர் தினமும் பார்க்கும் ஊர் திருகோணமலை. கோணேசர் கோயில் நிற்கும் அந்தப் பாறையில் ஒரு பிளவு மேலிருந்து கீழ்வரை இறங்குகிறது. அதற்கு ஊரார் வைத்த பெயர் இராவணன் வெட்டு. வெட்டு! அரிவாள் இறங்கிய சத்தம் கேட்கிறது. பார்த்தவர்கள் பெயர் வைத்தால் இப்படி இருக்கும்.

கணவாய் பற்றி ஒரே ஒரு வரி. மலைத்தொடரில் இடைவெளி விட்டு ஆளும் காற்றும் நுழையும் வழி அது. பாலக்காட்டுக் கணவாய் போல. கடலோர வாசகருக்குக் கணவாய் என்றால் மீன்குழம்பு, ஆகவே முதல் தடவையாவது 'மலைக்கணவாய்' என்று எழுதுங்கள்.

பெயர்ச்சொல்லை விடவும் வினைச்சொல்லில் நீங்கள் கஞ்சத்தனம் செய்திருக்கிறீர்கள். உங்கள் மலைகள் நூறு பக்கமும் 'நிற்கின்றன'. மதுரை யானைமலையைப் பாருங்கள், அது படுத்திருக்கிறது. மலை சரியும், மடியும், துருத்தும், மறைக்கும், வழிவிடும், பிளந்து கிடக்கும், ஊரை வளைத்து உட்கார்ந்திருக்கும். மஞ்சு இறங்கும், மலை மூடிக்கொள்ளும். மழைக்கால் தூரத்தில் இறங்கி நடந்து வரும்.

இனி நீங்கள் அனுப்பிய பத்தி:

'வானளாவிய மலைகள் கம்பீரமாக எழுந்து நின்றன. பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற பள்ளத்தாக்கு கண்ணைக் கவர்ந்தது. மேகங்கள் முகடுகளை முத்தமிட்டன. பஸ் பாம்புபோல வளைந்து நெளிந்து சென்றது. பொன்னி மெய்மறந்து நின்றாள்.'

முதலில் ஒரு சந்தேகம்: ஓடுகிற பஸ்ஸில், மடியில் குழந்தையோடு, அவள் ஏன் நின்றாள்? இரண்டாவது, பஸ் பாம்புபோல வளைந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது? அதைப் பார்க்க வெளியே, இன்னொரு மலையில் இருக்க வேண்டும். கம்பளமும் முத்தமும் ஏற்கெனவே பலரிடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவை. நான் எழுதியிருந்தால் இப்படித் தொடங்கியிருப்பேன். நகல் எடுக்க வேண்டாம், நிற்கும் இடத்தை மட்டும் பாருங்கள்:

'காரவள்ளியைத் தாண்டியதும் டிரைவர் கியரை இறக்கினார். பொன்னி குழந்தையை இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு வளைவில் ஜன்னலுக்கு வெளியே பாறை. கை நீட்டினால் அதன் ஈரம் விரலில் படும். அடுத்த வளைவில் அதே ஜன்னலில் பாறை இல்லை. கீழே, சற்றுமுன் கடந்து வந்த சாலை ஒரு ரிப்பன் துண்டாகக் கிடந்தது. முப்பதாவது வளைவைத் தாண்டியதும் காது அடைத்தது. குழந்தை அழுதது, அதற்கும் அடைத்திருக்கும். அறுபதுக்கு மேல் குளிர் வந்தது. முந்தானையைக் குழந்தையின் தலைக்கு இழுத்துவிட்டாள். எழுபதாவது வளைவு திரும்பியதும் பஸ்ஸின் இரைச்சல் தணிந்தது. மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒரு நெல்வயல் தெரிந்தது. பொன்னி செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள்.'

இதில் மலை என்ற சொல்லே வரவில்லை. வேண்டுமென்று தவிர்க்கவில்லை, அவள் உட்கார்ந்திருந்த இருக்கையில் அதற்கு வேலை வரவில்லை. நீங்கள் மாடியில் நிற்கும் அத்தியாயத்தில், அதாவது பொன்னி கீழே புகுந்த வீட்டிலிருந்து தாய்வீட்டுத் திசையைப் பார்க்கும் ஆறாம் அத்தியாயத்தில், 'மலை' என்று தாராளமாக எழுதுங்கள். அங்கே அது முழுசாகத் தெரியும். அவளால் தொட முடியாது.

கடைசியாக ஆகாய கங்கை. 'நீர்வீழ்ச்சி' என்று எழுதியிருக்கிறீர்கள். அருவி என்று கையில் ஒரு சொல் இருக்கும்போது அது எதற்கு? அந்த அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள் இறங்க வேண்டும், திரும்பி வர அத்தனையும் ஏற வேண்டும். இறங்கும்போது பொன்னியும் அவள் அண்ணனும் மூன்று பக்கம் பேசுகிறார்கள், அது சரி. ஏறும்போதும் மூன்று பக்கம் பேசுகிறார்கள். அந்த மூன்று பக்கத்தை எடுத்துவிட்டு இருவரையும் மூச்சு வாங்க விடுங்கள்.